வெப்பமிறுக்கும் பிளாத்திக்கும் இரசாயன மீள்சுழற்சியும்

மாணவர்களே, “வெப்பமிறுக்கும் பிளாத்திக்கை மீள்சுழற்சி செய்ய முடியாது” என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோர் பலர். இவ்வசனத்தில் ஒரு சொல் குறைகிறது. “உருக்கி” மீள்சுழற்சி செய்ய முடியாது என்பதே சரி. காரணத்தைக் கட்டமைப்பிலிருந்து விளங்கிக்கொள்வோம்.

பொலித்தீனில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளுக்கிடையே உள்ளவை நலிந்த கவர்ச்சி விசைகளே. சூடாக்கும்போது சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், பிளாத்திக்கு இளகும். பேக்கலைற்று அப்படியல்ல. 1907 இல் லியோ பேக்லாந்து பீனோலையும் போமல்டிகைட்டையும் தாக்கமுறச் செய்து இதைப் பெற்றார். இதில் சங்கிலிகள் பங்கீட்டு வலுப் பிணைப்புகளால் குறுக்கே பிணைக்கப்பட்டு முப்பரிமாண வலையாகிவிடுகின்றன. நூற்கட்டிலிருந்து ஒரு நூலை உருவி எடுக்கலாம். மீன்வலையிலிருந்து உருவ முடியுமா? எனவே மேலும் சூடாக்கினால் இளகாது, கருகும். சட்டிக் கைபிடிக்கு இதைத் தெரிவுசெய்வதும் இதனால்தான்.

வலையின் முடிச்சை மட்டும் வெட்டினால் நூல் திரும்பக் கிடைக்குமல்லவா? இரசாயன மீள்சுழற்சி என்பது இதுவே. எரிக்கும்போதும் பிணைப்புகள் உடைகின்றன. ஆனால் எல்லாமே உடைந்து காபனீரொட்சைட்டும் நீருமாகப் போய்விடும். தெரிந்தெடுத்த பிணைப்பை மட்டும் உடைப்பதே கடினம். பேக்கலைற்றின் வலையைத் தாங்குபவை காபன்–காபன் பிணைப்புகள். அவை இலகுவில் மசியா. மெத்தைகளிலுள்ள பொலியூரிதேனைக் கிளைக்கோலுடன் சூடாக்கிப் பொலியோல் பெறலாம்.

எபொக்சி நீண்டகாலம் சிக்கலாகவே இருந்தது. 2023 இல் டென்மார்க்கின் ஆர்கூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் றுத்தேனியம் ஊக்கியைப் பயன்படுத்தி, 160 பாகை செல்சியசில், அதன் காபன்–ஒட்சிசன் பிணைப்புகளை உடைத்துக் காட்டினர். எபொக்சியின் மூலப்பொருளான பிசுபீனோல் ஏ மீண்டும் கிடைத்தது; உள்ளிருந்த கண்ணாடி நார்களும் சேதமின்றி வந்தன. அவர்கள் எடுத்த மாதிரிகளுள் காற்றாலை இறகுத் துண்டும் ஒன்று. ஆனால் றுத்தேனியம் விலை கூடியது, தாக்கத்துக்கு நாட்கணக்கில் நேரமும் வேண்டும். ஆகவே இதைத் தீர்ந்த பிரச்சினையாக எழுதிவிடாதீர்கள். எமது மன்னார் தம்பபவனியில் 30 காற்றுச் சுழலிகள் உள்ளன. ஒன்றுக்கு 3 ஆக 90 இறகுகள். அவற்றின் காலம் முடியும்போது எங்கே போடுவது?

இன்னொரு வழி, தயாரிக்கும்போதே உடையக்கூடிய முடிச்சை வைத்துவிடுவது. 2014 இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வுகூடத்தில் ஜெனெற் கார்சியா குழுவினர் அறிவித்த பிளாத்திக்கு உறுதியானது. எனினும் வலிய அமிலத்தில் இட்டால் ஒருபகுதியங்களாகப் பிரிந்துவிடும்.

மாதிரி வினா: பேக்கலைற்றை உருக்கி மீண்டும் உருவமைக்க முடியாதது ஏன்?
விடை: சங்கிலிகளுக்கிடையே பங்கீட்டு வலுக் குறுக்குப் பிணைப்புகள் உள்ளன, வெப்பமேற்றும்போது சங்கிலிகள் வழுக்காது, பிரிகையடையும். (“கடினமானது” என்று மட்டும் எழுதினால் காரணம் கூறியதாகாது.)

பயிற்சி: வல்கனைசுப்படுத்திய இறப்பரில் சங்கிலிகளைக் குறுக்கே இணைக்கும் மூலகம் எது? பழைய ரயரிலிருந்து இறப்பரை மீளப் பெற எப்பிணைப்புகளை உடைக்க வேண்டும், எவற்றை உடைக்கக் கூடாது?