பெயின்ட் அடித்தால் போதுமா?

எங்கள் தெரு மாநகராட்சிப் பூங்காவில் ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் துருப்பிடித்துக் கிடக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பதோடு சரி. புதிதாக மாற்ற யாரிடம் கேட்பது?
– ஒரு தாத்தா, பெரம்பூர், சென்னை

ஐயா, பெயின்ட் துருவை மூடும், நிறுத்தாது. ஊஞ்சல் தூண் சிமென்ட்டுக்குள் இறங்கும் இடத்தைப் பாருங்கள். தண்ணீர் அங்கேதான் தேங்கும், குழாயும் அங்கேதான் முதலில் அரிக்கும். சாவியால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறதா? சங்கிலி மாட்டிய கொக்கி தேய்ந்து பாதியாகிவிட்டதா? கிட்டப்போய்ப் படம் எடுங்கள். மாற்றும்வரை பேரப்பிள்ளைகளை அதில் ஏற்ற வேண்டாம்.

பிறகு மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். 'பராமரிப்பு சரியில்லை' என்றால் மறுபடியும் பெயின்ட் டப்பாதான் வரும். 'தூண் அடியில் அரித்துவிட்டது, பிள்ளைகளுக்கு ஆபத்து, கழற்றுங்கள்' என்று சொல்லுங்கள்.

புதிது வாங்க நிதி வேண்டும். படங்கள், புகார் எண், அக்கம்பக்கத்துப் பெற்றோரின் கையெழுத்து எல்லாம் சேர்த்து கவுன்சிலரிடம் மனு கொடுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி நிதியிலும் கேட்கலாம். குடியிருப்போர் சங்கம் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிந்தால், மீதியை அரசு தரும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது.

ஒன்று மட்டும் விடாமல் கேளுங்கள்: அடியில் ஆழமாக மணல். பளபளவென்று டைல்ஸ் பதித்தால் திறப்பு விழா போட்டோவுக்கு நன்றாயிருக்கும், விழுகிற பிள்ளையின் மண்டைக்கு ஆகாது. தகரச் சறுக்குமரம்தான் வருகிறது என்றால் மர நிழலில் வைக்கச் சொல்லுங்கள். மே மாதம் நாலு மணிக்கு அரை டவுசரோடு அதில் உட்கார்ந்த எந்தப் பையனும் காரணம் சொல்வான்.