ஆறு வாரம் கழித்து வா

அன்புள்ள தங்கைக்கு,

வலது சினைப்பையில் நான்கு சென்டிமீட்டர் நீர்க்கட்டி, ‘சிம்பிள் சிஸ்ட்’, ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள், மாத்திரைகூடத் தரவில்லை, இது அலட்சியம்தானே என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆறு வாரமே ஒரு பரிசோதனை. மாதாமாதம் முட்டை வளர்வதே சினைப்பையில் ஒரு சிறு நீர்ப்பைக்குள்தான். வெடிக்க வேண்டிய நாளில் அது வெடிக்காமல் வீங்கினாலோ, வெடித்த பின் வாய் மூடி நீர் கோத்துக்கொண்டாலோ ஸ்கேனில் கட்டியாகத் தெரியும். இவை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிலக்குக்குள் தாமே வற்றிவிடும். வற்றாமல் நிற்பவைதான் வேறு வகை: எண்டோமெட்ரியோசிஸ் ரத்தக்கட்டி, உள்ளே முடியும் கொழுப்பும் கிடக்கும் டெர்மாய்டு. எது எந்த வகை என்பதை இன்றைய படத்தைவிட, இரண்டு படங்களுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் நன்றாகச் சொல்லும். கருத்தடை மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் கரையுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். சும்மா காத்திருந்தவர்களுக்கும் அதே வேகத்தில்தான் கரைந்தது.

“கேன்சராக இருந்தால்?” என்று ஹாஸ்டல் அறையில் யாராவது கேட்டிருப்பார்கள். மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் மட்டும் என்றால், உன் வயதில் அது மிக மிக அரிது. சிஏ-125 ரத்தப் பரிசோதனை உடனே எடுத்துவிடு என்பார்கள். ஆனால் மாதவிலக்கின்போதும், கருப்பை நார்க்கட்டி இருந்தாலும்கூட அந்த எண் ஏறும். வீண் பீதிதான் மிஞ்சும். ஸ்கேனை நம்பலாம். 1958இல் கிளாஸ்கோவில் மருத்துவர் இயன் டொனால்டு அதைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே, இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டிதான் என்று அது காட்டிக்கொடுத்த கதை உண்டு. அகற்றினார்கள்; பிழைத்தார்.

காத்திருப்பதெல்லாம் லீவு கிடைப்பவர்களுக்குத்தான் என்பாய். அதில் நியாயம் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறந்த சிப்காட் தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடம் உண்டு. உன்னைப் போலத் தொழிற்சாலை ஷிப்ட் நேரப்படி வாழ்பவர்களுக்கான இடம் அது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாக 70 விழுக்காடு ஊதியம் ஆண்டுக்கு 91 நாள் வரை வாங்கலாம். ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. ஒரு நாள் ஸ்கேனுக்கு அது உதவாது, குறைதான். ஆகவே மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் வரும் வார விடுமுறையையோ, செகண்ட் ஷிப்ட் நாளின் காலையையோ இப்போதே குறித்து வை. பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் போ. வயிற்றின் மேல் எடுக்கும் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். லைனில் பாத்ரூம் போகக் கேட்கத் தயங்கித் தண்ணீரே குடிக்காமல் பழகியவள், அன்று ஒரு மணி நேரம் முன்பே நான்கைந்து டம்ளர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்காதே. அடிவயிற்றில் ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றால் சினைப்பையே போய்விடும். ஷிப்ட் முடியட்டும் என்று பல்லைக் கடித்து நிற்காமல், லைன் லீடரிடம் சொல்லிவிட்டு 108ஐக் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா