வளர்ப்பு முயலின் வயிற்று நோய்: அறிகுறிகளும் அவசர உதவியும்

வாய்பேசா உயிர்களை வளர்ப்போர் அவற்றின் மௌனத்தைப் படிக்கக் கற்றல் வேண்டும். நாய் வலியால் முனகும், பசு கதறும், முயலோ நோயுற்ற காலத்தில் ஒரு மூலையில் அடங்கிக் கிடக்கும். தன்னை வேட்டையாடும் விலங்குகளுக்குத் தன் தளர்ச்சி புலப்படாவண்ணம் மறைத்துக்கொள்ளுதல் அதன் பிறவிக்குணம். ஆகவே முயலின் வயிற்றுநோய் வளர்ப்போர் கண்ணில் படும்போது பெரும்பாலும் முற்றியே இருக்கும். அதனைக் காலத்தே அறிவது எங்ஙனம், அறிந்தபின் செய்யத்தக்கதும் தகாததும் யாவை என்பவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து குழந்தைகளின் விருப்பத்திற்காக வாங்கிவரப்படும் வெள்ளை முயல், நமது சேலையூர், வண்டலூர்ப் புதர்க்காடுகளின் முயலன்று. காட்டுமுயல் வேறு சாதியைச் சேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனைப் பிடித்து வளர்த்தலும் குற்றமாகும். வளர்ப்பு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்ச்சுகல் முதலிய நாடுகளில் குளிர்ந்த வளைகளில் வாழ்ந்து, புல்லையே மேய்ந்து வந்தவை. நமது மாகாணத்திலும் சோவியத் சிஞ்சில்லா, ஒயிட் ஜயண்ட் என்னும் இனங்கள் நீலகிரியிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்ச்சியிலேயே பேணப்பட்டு வந்தன. அத்தகைய பிராணி குரோம்பேட்டையிலோ செம்பாக்கத்திலோ ஒரு மொட்டைமாடித் தகரக் கூரையின்கீழ் வாழ நேரும்போது துன்பம் விளைதல் வியப்பன்று.

முயலின் குடலமைப்பை அறிந்தால் நோயின் காரணம் தானே விளங்கும். அது உண்ணும் புல்லில் கரடுமுரடான நார் பெருங்குடல் வழியே விரைந்து வெளியேறிக் கடினமான உருண்டைப் புழுக்கைகளாகிறது. நுண்ணிய பகுதி மட்டும் குருட்டுக்குடலிற் புகுகிறது. முயலின் குருட்டுக்குடல் இரைப்பையினும் பெரியது. எண்ணிறந்த நுண்கிருமிகள் அங்கே புல்லைப் புளிக்கச்செய்து சத்தாக மாற்றுகின்றன. அச்சத்து மென்மையான மற்றொரு வகைப் புழுக்கையாக வெளிவர, முயல் அதனை அப்போதே வாயாற் கவர்ந்து உண்கிறது. இது நோயன்று, இயற்கை. இவ்வியந்திரம் முழுவதையும் ஓடச்செய்வது நார் ஒன்றே. நார் குறைந்தால் குடலின் அசைவு தளரும். அசைவு தளர்ந்தால் உள்ளிருப்பது உலர்ந்து இறுகும். தீய கிருமிகள் பெருகி வாயுவை விளைக்கும். வாயு வலியைத் தரும். வலி உணவின்மேலுள்ள விருப்பைக் கெடுக்கும். உண்ணாமையால் குடல் பின்னும் தளரும். இச்சக்கரத்தை இடையில் எவரேனும் அறுத்தாலன்றி முயல் பிழைப்பது அரிது. மேலும் முயலுக்கு வாந்தியெடுக்கும் ஆற்றல் இல்லை. உட்சென்றது முன்னோக்கியே செல்லுதல் வேண்டும்.

நார்க்குறைவு தலையாய காரணம். சோறு, ரொட்டி, பிஸ்கோத்து, பழம் இவற்றை மிகுதியாக இடுதல், தீவனத்தைத் திடீரென மாற்றுதல், தண்ணீர்க்குறைவு, கடும் வெப்பம், அச்சம், வேறோர் உறுப்பிலுள்ள வலி ஆகியனவும் காரணங்களே. பல்வலியை எளிதாக எண்ணலாகாது. முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. புல்லை மென்று தேய்க்காவிடில் அவை கூர்ந்து நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். நமது பகுதியில் ஆண்டுக்கு இருமுறை விழிப்பு மிகவும் வேண்டும். ஒன்று கத்திரிவெயிற் காலம். மற்றொன்று ஐப்பசி, அப்பொழுது தீபாவளி வெடியோசை முயலை நடுங்கச் செய்யும், மழையில் தழைத்த இளம்புல்லை ஈரத்தோடு அறுத்துக் குவித்து வைத்தால் அது சூடேறிப் புளித்து வயிற்றைக் கெடுக்கும்.

இனி அறிகுறிகளைக் கூறுவோம். முதலாவது, உணவை மறுத்தல். நாள்தோறும் ஓடிவந்து கவ்வும் கொத்தமல்லித்தழையை முகர்ந்துவிட்டு முகந்திருப்புதல். இரண்டாவது, புழுக்கை சிறுத்தல், மயிரிழையிற் கோத்த மணிகள்போல் வருதல், அல்லது அறவே நின்றுபோதல். மூன்றாவது, முதுகைக் கூனிக் கண்களைப் பாதிமூடி அசையாதிருத்தலும், வயிற்றைத் தரையில் அழுத்துதலும், பற்களை உரக்க நறநறவெனக் கடித்தலும். நான்காவது, காதுகள் சில்லிட்டுப்போதல். முயலின் உடல்வெப்பம் பாரன்ஹீட் 101 முதல் 103 டிகிரி வரையில் இருப்பது இயல்பு. 100-க்குக் கீழே இறங்குமாயின் உயிருக்கு அபாயம். இவற்றுள் முதலிரண்டும் ஒருங்கே தோன்றிப் பத்துப் பன்னிரண்டு மணிநேரம் நீடித்தால், "நாளைக் காலையில் பார்ப்போம்" என்று ஒத்திவைத்தல் கூடாது.

இதனினும் கொடியது குடலடைப்பு. இறுகத் திரண்ட மயிர், துணி, நெகிழி போன்ற ஏதேனும் சிறுகுடலில் சிக்கினால் இரைப்பை காற்றும் நீரும் நிறைந்து மத்தளம்போல் விம்மும். காலையில் துள்ளிய முயல் மாலையில் துவண்டு விழும். இதற்குச் சில மணிநேரமே அவகாசம். வயிறு இறுகி வீங்கியிருந்தாலும், முயல் துவண்டு கிடந்தாலும், நீர்போலப் பேதியானாலும் ஒரு நாழிகையும் தாமதியாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

மருத்துவரிடம் செல்லுமுன் வீட்டிற் செய்யத்தக்கவை சிலவே. காதும் உடலும் குளிர்ந்திருந்தால், வெந்நீர்ப் புட்டியைத் துணியிற் சுற்றி அருகில் வைத்து வெப்பமூட்டுக. வெயிலால் உடல் கொதித்து வாயால் மூச்சுவாங்கினால், நிழலுக்குக் கொண்டுசென்று காதுகளை ஈரத்துணியால் துடைத்து விசிறுக, குளிர்நீரில் அமிழ்த்தலாகாது. உண்ணும் விருப்பம் சிறிதேனும் இருந்தால் பசும்புல்லும் தண்ணீரும் முன்னே வைக்க. கடைசியாக உண்ட நேரம், புழுக்கையிட்ட நேரம், தின்ற பொருள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. மூடிய கூடையில் புல்லைப் பரப்பி, நாய்களின் குரைப்பு எட்டாதவாறு எடுத்துச் செல்க.

செய்யத்தகாதவை பல. வயிறு வீங்கிய முயலுக்கு உணவையோ நீரையோ பலவந்தமாகப் புகட்டுதல் தீது. வயிற்றை அழுத்திப் பிசைதலும் தீது. வீட்டிலுள்ள மனித மருந்துகளைத் தருதல் மிகத் தீது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் முதலிய கிருமிகொல்லிகளை வாய்வழியே கொடுத்தால், குருட்டுக்குடலின் நற்கிருமிகள் மடிந்து, நஞ்சை உமிழும் கிருமிகள் பெருகி முயல் மாளக்கூடும். நாய்க்கும் பூனைக்கும் நன்மைசெய்த மாத்திரையே முயலுக்கு யமனாகலாம் என்பதை மறவாதீர்.

மருத்துவர் முதலில் அடைப்பு உண்டா என்பதை எக்ஸ்-ரே படத்தாலும், தேவையாயின் இரத்தத்தின் சர்க்கரையளவாலும் ஆராய்வார். அடைப்பில்லையெனில் வலிநீக்கும் மருந்து, தோலின்கீழோ நரம்பிலோ ஏற்றும் நீர், பின்னர் நார்மிகுந்த உணவைச் சிறிது சிறிதாகப் புகட்டல் என்ற முறையில் சிகிச்சை நடைபெறும். இவற்றுள் வலியைத் தணித்தலே பாதி மருத்துவம். வலி நீங்கினாலன்றி முயல் வாய்திறவாது. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, 1905-இல் வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை யாவரும் அறிந்ததே. ஆனால் தாம்பரத்தினின்று அது நெடுந்தொலைவு. கால்நடை மருத்துவர் அனைவரும் முயல் மருத்துவத்திற் பழகியவரும் அல்லர். ஆதலால் முயலை வாங்கும் நாளிலேயே, அருகில் முயலுக்கு வைத்தியம் செய்வார் யார், இரவிலும் விடுமுறையிலும் எங்கே செல்லலாம் என்பவற்றை விசாரித்து எழுதிவைத்தல் அறிவுடைமை.

வருமுன் காத்தல் எளிது. உணவிற் பெரும்பங்கு புல்லாயிருக்கட்டும். அறுகும் கொழுக்கட்டைப்புல்லும் கினியாப்புல்லும் நமக்குக் கிடைப்பனவே. வேலிமசால் சிறிதளவு இடலாம். கேரட்டு பண்டமேயன்றி உணவன்று. சந்தையில் வாங்கிய இளங்குட்டிக்கு முன்பு உண்ட தீவனத்தையே சில நாள் கொடுத்துப் புதியதைச் சிறுகச் சிறுகக் கலந்து வருக. தூய தண்ணீர் எப்போதும் இருத்தல் வேண்டும். கோடையில் கூண்டை மாடியினின்று இறக்கி, நிழலிலே வைத்து, ஈரச்சாக்கைத் தொங்கவிடுக. உதிர்மயிரை வாரி எடுத்துவிடுக.

மாணவ நண்பர்களே, இப்பாடத்தின் சாரம் ஒன்றே. நாம் முயலுக்கு இடும் உணவை மட்டும் கணக்கிட்டு மகிழ்கிறோம். அது மிச்சம் வைத்ததையும் வெளியே இட்டதையும் கணக்கிடுவதில்லை. காலையும் மாலையும் கூண்டைப் பெருக்கும்போது புழுக்கைகள் பட்டாணியளவில் ஒத்து உருண்டு நிறைய இருக்கின்றனவா என்று நோக்குங்கள். அதற்கு இரண்டு நிமிஷமே செல்லும். அந்நோக்கு இல்லாத வீட்டில் ஓரிரவு கழிவதற்குள் முயல் இறந்துபோகலாம். அந்நோக்கு உள்ள வீட்டிலோ அதே முயல் மறுநாளும் புல் மேயக் காணலாம்.