வாயு மண்டலமும் பயிர்த்தொழிலும்

மண், நீர், விதை, எரு ஆகிய நான்கையும் குறித்து ஆலோசியாத குடியானவர் இலர். ஆயினும் பயிரை உலர்த்தினால் எஞ்சும் பொருளில் பெரும்பகுதி மண்ணிலிருந்து வந்ததன்று, காற்றிலிருந்து வந்ததே என்பதைச் சிலரே கவனித்திருப்பர். ஆகையால் பூமியைச் சூழ்ந்துள்ள வாயு மண்டலத்தின் இயல்பையும், அதனால் நாம் அடையக்கூடிய பயனையும் இங்குச் சுருக்கிக் கூறுவோம்.

காற்றில் அடங்கிய பொருள்கள்

ஈரம் நீங்கிய காற்றைக் கன அளவில் நூறு பங்காக்கினால், 78 பங்கு நைட்ரஜன் என்னும் தழைச்சத்து வாயுவும், 21 பங்கு பிராணவாயுவும் இருக்கும். எஞ்சிய ஒரு பங்கில் பெரும்பாலும் ஆர்கான் என்னும் வாயுவே உள்ளது. கரியமிலவாயு மிகச் சொற்பம். எனினும் இலைகள் சூரிய ஒளியின் உதவியால் மாவுப்பொருளை ஆக்குவது இதைக் கொண்டே. ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் 1958-ஆம் ஆண்டு அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் இது சுமார் 315 பங்காக இருந்தது. இப்போது 420-க்கு மேற்பட்டுவிட்டது. நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதும், காடுகளை அழிப்பதும் இதற்குக் காரணங்கள். இவ்வாயு உஷ்ணத்தை வெளியே போகவொட்டாமல் தடுப்பதால் பூமியின் வெப்பமும் ஏறிவருகிறது.

வாயு மண்டலத்தின் அடுக்குகள்

நம்மை ஒட்டியுள்ள முதல் அடுக்கு, துருவப் பிரதேசங்களில் சுமார் 8 கிலோமீட்டர் உயரமும், நம்மைப் போன்ற உஷ்ணப் பிரதேசங்களில் 16 கிலோமீட்டருக்கு மேலும் உள்ளது. வாயு மண்டலத்தின் எடையில் ஏறக்குறைய முக்கால் பாகமும், நீராவியில் அனேகமாக முழுவதும் இதில் அடங்கும். மேகம், மழை, புயல் யாவும் இங்கேயே உண்டாகின்றன. மேலே ஏற ஏற, கிலோமீட்டருக்குச் சுமார் 6½ டிகிரி வீதம் குளிர் மிகும். கோயம்புத்தூரில் வெயில் காயும்போது உதகமண்டலத்தில் உருளைக்கிழங்கு விளையத்தக்க குளிர்ச்சி இருப்பது இதனாலேயே. இவ்வடுக்கின் உச்சியில் குளிர் மிகக் கடுமையாதலால், மேலெழும் நீராவி பனிக்கட்டியாய் உறைந்துவிடும். பூமியின் நீர் வான்வெளியில் சிதறிப்போகாமல் மழையாக நம்மிடமே திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு மேல் 50 கிலோமீட்டர் வரை உள்ள இரண்டாம் அடுக்கில் ஓசோன் வாயு இருந்து, உயிர்களுக்குத் தீங்கு செய்யும் சூரிய கிரணங்களைத் தடுக்கிறது. 85 கிலோமீட்டர் வரையுள்ள மூன்றாம் அடுக்கில் எரிகற்கள் பெரும்பாலும் எரிந்து அழியும். அதற்கு அப்பால் காற்று மிகவும் நொய்தாகி, முடிவில் வெட்டவெளியோடு கலந்துவிடுகிறது.

ஒரு ஏக்கரின் மேலுள்ள கையிருப்பு

காற்றுக்கும் எடை உண்டு. ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் பத்து டன்னுக்குச் சற்று அதிகமான காற்று நிற்கிறது. இக்கணக்கின்படி ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் மட்டும் ஏறக்குறைய 31,000 டன் தழைச்சத்து உண்டு. ஒரு போக நெல்லுக்கோ ஏக்கருக்குச் சுமார் 60 கிலோவே வேண்டும். அங்ஙனமிருக்க, நாம் பணங்கொடுத்து யூரியா வாங்குவானேன் எனில், காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்துள்ளன. நெற்பயிரின் வேர் அப்பிணைப்பை அவிழ்க்க வல்லதன்று.

மின்னல் அதைச் சிறிதளவு அவிழ்க்கும். 1909-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், மிகுந்த உஷ்ணத்தாலும் அழுத்தத்தாலும் அதைச் சாதித்தார்; யூரியாத் தொழிற்சாலைகளுக்கு அதுவே அடிப்படை. இவ்வேலையையே அவரை, உளுந்து, சணப்பு, தக்கைப்பூண்டு முதலியவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் அடுப்பும் இயந்திரமும் இன்றிச் செய்கின்றன. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இருவர் 1886-ஆம் ஆண்டையொட்டி இதை நிரூபித்தனர்.

செய்யவேண்டுவன

நடவுக்கு முன் நீர் வசதியும் அவகாசமும் உள்ள நிலத்தில், ஏக்கருக்குச் சுமார் 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 40 முதல் 50 நாட்களுக்குள், தண்டு முற்றுமுன் மடக்கி உழுக. அதற்குமுன் ஒரு செடியைப் பக்குவமாகத் தோண்டியெடுத்து வேர் முடிச்சைக் கீறிப் பார்க்கவும். உள்ளே சிவந்திருந்தால் நுண்ணுயிர்கள் வேலை செய்கின்றன என்று அறியலாம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், அடுத்தமுறை ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் உரத்தை ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும்.

யூரியாவைத் தேங்கிய நீரின்மேல் ஒரே தடவையில் வீசினால், அதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாக மீண்டும் ஆகாயத்திற்கே போய்விடும். நீரை வடித்து, பலமுறையாகப் பிரித்து இடுதல் நலம். வைக்கோலையும் தாளையும் கொளுத்தினால் அவற்றிலுள்ள தழைச்சத்து அனேகமாக முழுவதும் புகையோடு போகும். கிராம அதிகாரிகள் இதை ஊராருக்கு எடுத்துரைத்துத் தடுப்பார்களாக.

ஆகாயத்திலுள்ள இச்செல்வம் ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி எல்லார் வயலின்மேலும் சமமாகவே நிற்கிறது. அதை மண்ணில் இறக்கிக்கொள்வதும், இறக்கியதைப் போகவிடாமல் காப்பதும் பயிரிடுவோர் கையிலேயே உள்ளன.