மூடும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்: கல்லாவியிலிருந்து வொண்டர்லாவுக்கு ஒரு கோடை நாள்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்த கையோடு கல்லாவி, சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கத்து வீடுகளில் வொண்டர்லா பேச்சு கிளம்பிவிடும். கூடவே கிளம்பும் கேள்வி, "காலையில எத்தனை மணிக்குத் திறக்கறாங்க?" இந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. பெங்களூரிலிருந்து மைசூரு சாலையில், பிடதிக்குப் பக்கத்தில் 2005 முதல் இயங்கும் அந்தப் பூங்கா வழக்கமாகக் காலை 11 மணிக்குத் திறக்கிறது. நீங்கள் அதிகாலை நான்கு மணிக்கே புறப்பட்டாலும் 11 மணிக்கு முன் உள்ளே விடமாட்டார்கள். நாளைத் தீர்மானிப்பது மூடும் நேரம். அதை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் வீட்டுக் கதவைப் பூட்டும் நேரம் சரியாகக் கிடைக்கும். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போய்வர வேண்டிய கல்லாவிக்காரர்களுக்கு இது பெங்களூர்க்காரர்களைவிடப் பல மடங்கு முக்கியம். அவர்களுக்கு அரை மணி நேரம் தவறினால் ஒரு ரைடு போகும். நமக்கு ராத்தூக்கம் போகும்.

கோடை என்றால் பூங்கா இரவு வரை திறந்திருக்கும் என்றொரு நம்பிக்கை உண்டு. அது வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வந்தது. கோபன்ஹேகன் நகரின் திவோலி பூங்கா 1843-இல் தொடங்கியது. கோடையில் இரவு 11 மணியைத் தாண்டியும் இயங்கும். அங்கே ஜூன் கடைசியில் பகல் ஏறக்குறைய பதினேழரை மணி நேரம். சூரியன் மறையவே பத்து மணி ஆகிவிடும். நம்முடைய கிருஷ்ணகிரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் இருப்பதால், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். மே நடுவில்கூட மாலை ஆறரை மணியளவில் இருட்டத் தொடங்கிவிடும். இங்கே கோடை கொண்டுவருவது வெயிலையும் கூட்டத்தையும். கூடுதல் வெளிச்சத்தை அல்ல. ஆகவே நேரம் நீட்டப்பட்டாலும் ஒரு மணி அளவுக்குத்தான் நீளும். வார நாட்களில் மாலை 6, சனி, ஞாயிறு, அரசு விடுமுறைகளில் மாலை 7 என்பது வொண்டர்லா பெங்களூரின் வழக்கமான ஏற்பாடு. சீசனில் இது மாறலாம் என்பதால், போகிற தேதியை பூங்காவின் சொந்த இணையதளத்தில் போட்டு, அந்த ஒரு நாளுக்கு உரிய நேரத்தைப் பாருங்கள். கூகுள் மேப்பில் தெரியும் நேரத்தை மட்டும் நம்பி வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

அங்கே பார்க்கும்போது ஒரு நேரத்தை அல்ல, மூன்று நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, வாசல் மூடும் நேரம். இரண்டாவது, தண்ணீர் ரைடுகள் நிற்கும் நேரம். நம் ஊர்க் குடும்பங்கள் கோடையில் அங்கே போவதே தண்ணீருக்காகத்தான். ஆனால் குளங்கள் நண்பகல் தாண்டித்தான் தொடங்குகின்றன, பூங்கா மூடுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே நின்றும்விடுகின்றன. பதினொன்று முதல் ஆறு வரை ஏழு மணி நேரம் என்று கணக்குப் போட்டுப் போகிறவருக்குக் கையில் கிடைக்கும் தண்ணீர் நேரம் நான்கரை மணி அளவுதான். மூன்றாவது, எந்தப் பலகையிலும் எழுதாத நேரம்: லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்து, உடை மாற்றி, பிள்ளைகளை எண்ணிப் பார்த்து வண்டிக்கு வந்து சேரும் நேரம். எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியேறுவதால் இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். பத்துப் பேருக்கு மேல் போகும் கூட்டத்துக்கு முக்கால் மணி.

அடுத்து, எந்தக் கிழமை? "ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கிறதே, அதே காசுக்கு அதிகம் கிடைக்குமே" என்று வாதிடலாம். முதலில் அது அதே காசு அல்ல. வார இறுதிக் கட்டணம் பெரும்பாலும் கூடுதல். அது போகட்டும், நேரக் கணக்கை மட்டும் பார்ப்போம். வார நாளில் ஏழு மணி நேரம்; சாப்பாடு, உடை மாற்றல் என்று ஒன்றரை மணியைக் கழித்தால் மிச்சம் ஐந்தரை. வரிசையில் நிற்பது, நடப்பது, ஆடுவது எல்லாம் சேர்ந்து ஒரு ரைடுக்கு 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பதின்மூன்று ரைடு ஆடலாம். ஞாயிறன்று எட்டு மணி நேரம். அதே கழிவு போக ஆறரை. ஆனால் கூட்டத்தால் ஒரு ரைடுக்கு 50 நிமிடம் ஆனால் எட்டைத் தொடுவதே கஷ்டம். இந்த நிமிடங்கள் நாமாக வைத்துக்கொண்டவைதான், இருந்தாலும் ஒரு ரைடுக்கு ஆகும் நேரம் இரட்டிப்பானால் கூடுதல் ஒரு மணி நேரத்தால் ஈடுகட்ட முடியாது என்பது எந்த எண்ணை வைத்தாலும் மாறாது. வரிசையைத் தாண்டிப் போகத் தனி ‘ஃபாஸ்ட்டிராக்’ டிக்கெட் விற்கிறார்கள். ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு அதை வாங்கும் செலவைவிட, ஒரு நாள் லீவு போட்டுச் செவ்வாய்க்கிழமை போவது மலிவு.

லீவு கிடைக்காதே என்பது நியாயமான மறுப்பு. ஆனால் இந்த மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. ஓசூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளி சிப்காட்டிலும் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களில் பலருக்கு வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் விழுவதில்லை. மற்ற மாதங்களில் அது குறையாகத் தோன்றும். பள்ளி மூடியிருக்கும் மே மாதத்தில் அதுவே லாபம். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே வேனில் ஏறலாம் என்று மட்டும் யாரும் கணக்குப் போடாதீர்கள். தூங்காத உடம்போடு மே வெயிலில் ரோலர் கோஸ்டரில் தலைகீழாகச் சுற்றுவது வாந்தியில்தான் முடியும்.

கிழமையைவிடப் பெரிய லாபம் வாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே கைக்கு எட்டும் லாபம் அது. கர்நாடகப் பள்ளிகள் ஏப்ரல் முற்பாதியிலேயே கோடை விடுமுறை விட்டு, மே கடைசியில் திறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் விடுமுறை ஏப்ரல் பிற்பாதியில் தொடங்கி ஜூனுக்குள் நீள்கிறது. 2023-இல் வெயிலைக் காரணம் காட்டி நம் பள்ளிகள் ஜூன் 12-க்குத் தள்ளிப்போயின. 2024-இல் ஜூன் 10. 2025-இல் ஜூன் 2-ஆம் தேதியே திறந்துவிட்டன. ஆகவே இரு மாநிலப் பள்ளிகள் திறப்பதற்கு இடையிலான இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும், விரியும். ஆனால் பெங்களூர்ப் பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்ட பிறகும் நம் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் சில நாட்கள் அநேகமாகக் கிடைக்கும். அந்த வார நாட்கள்தான் போகவேண்டிய நாட்கள். மாறாக, மே முதல் மூன்று வாரங்களில் இரண்டு மாநிலக் கூட்டமும் ஒரே குளத்தில் இறங்குகிறது. மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மா அறுவடை மும்முரம், தோட்டத்தை விட்டு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மாம்பழத்துக்கு நாள் குறிக்க முடியாது. அவர்கள் ஏப்ரல் கடைசியில் ஒரு வார நாளைப் பார்க்கலாம்.

இப்போது சாலைக் கணக்கு. கிருஷ்ணகிரி, ஓசூர், அத்திப்பள்ளி வழியாக எலக்ட்ரானிக் சிட்டி வரை போய், அங்கே நைஸ் சாலையில் திரும்பினால் பெங்களூர் நகருக்குள் நுழையாமலே மைசூரு சாலையைப் பிடித்துவிடலாம். சுங்கம் கூடுதல்தான், சில்க் போர்டு சந்திப்பில் நின்று கரைவதைவிட அதைக் கட்டிவிடலாம். வழியில் டிபனுக்கு நிறுத்துவதையும் சேர்த்து நான்கு மணி நேரம் வையுங்கள். வார நாளில் ஆறு மணிக்கு மூடினால் ஆறரைக்கு வண்டி கிளம்பும். சாப்பிட்டுவிட்டு வந்தால் கல்லாவி சேர இரவு பதினொன்று. ஞாயிறு ஏழு மணி என்றால் நள்ளிரவு. இந்த எண் உங்களுக்கு ஒத்துவருமா என்று முதலில் பாருங்கள். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் ஒரு மணி நேரம் முன்பே வெளியேறுவது என்று முடிவு செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப முன்னால் நகர்த்துங்கள். காலைப் பக்கம் பார்த்தால், பத்தரைக்கு வாசலில் நிற்க வேண்டுமானால் ஆறு மணிக்கு, பிந்தினால் ஆறரைக்கு, கல்லாவியை விட வேண்டும். "நிதானமா சாப்பிட்டு எட்டு மணிக்குக் கிளம்பலாம்" என்கிற வீடுகளில் ஏழு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது வாசலுக்கு வெளியிலேயே செலவாகிவிடும்.

பஸ்ஸில் போய்வர முடியாதா? பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஊத்தங்கரையிலிருந்தோ கிருஷ்ணகிரியிலிருந்தோ கல்லாவிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டெப்போவில் கேட்டு, பிடதியிலிருந்து மாறி மாறி வரும் ஐந்து மணி நேரத்தைக் கழித்தால், பூங்காவை விட்டுக் கிளம்பவேண்டிய நேரம் நான்கு, நான்கரைக்கு வந்து நிற்கும். முழு டிக்கெட் எடுத்துவிட்டுப் பாதி நாள் ஆடுவதற்கு அது சமம். இளைஞர்கள் இரவு ஓசூரில் நண்பர் அறையில் தங்கிக்கொள்ளலாம். குடும்பத்துக்கு வேன்தான் சரி. வேன் பேசும்போது வாடகைக்கு முன்னால் பர்மிட்டைக் கேளுங்கள். ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கும் வண்டியா, இல்லை கர்நாடகத்துக்குத் தனியாக வரி கட்டவேண்டிய வண்டியா, அந்தச் செலவு யாருடையது என்பதை ஊரிலேயே தீர்த்துக்கொள்ளாவிட்டால் அத்திப்பள்ளியில் போகும் அரை மணி நேரமும் உங்கள் ஏழு மணியிலிருந்துதான் போகும்.

உள்ளே போனதும் எதை முதலில் ஆடுவது என்பதையும் மூடும் நேரமே சொல்லிவிடுகிறது. பெரும்பாலோர் குளம் திறந்த உடனே பாய்கிறார்கள். அப்போது வெயில் உச்சியில் இருக்கும். அலைக்குளத்தில் நிற்க இடம் இருக்காது. அதே நேரத்தில் ரீகாயில் போன்ற உயரமான ரைடுகளின் வரிசை இளைத்திருக்கும். ஆகவே பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை உயர ரைடுகள், சாப்பாடு, பிறகு இரண்டரையிலிருந்து நிற்கும்வரை தண்ணீர் என்று வைத்துக்கொள்வது நல்லது. இதற்கு இன்னொரு வலுவான காரணம் கோடை மழை. பெங்களூரில் மே மாதத்து மழை சராசரியாக 100 மில்லிமீட்டரைத் தாண்டும். அதில் பெரும்பகுதி பிற்பகலும் மாலையும் இடியோடு வரும் மழை. "நனையத்தானே போகிறோம், மழை வந்தால் என்ன" என்று கேட்கலாம். பிரச்சினை மழையில் இல்லை, மின்னலில். மின்னல் நேரத்தில் உயர ரைடுகளை நிறுத்துவதும் குளத்திலிருந்து ஆட்களைக் கரையேற்றுவதும் பொறுப்பான எந்தப் பூங்காவும் செய்வது. அதற்காகப் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமும் இல்லை. மாலை ஆறு என்று பலகையில் இருந்தாலும், மேகம் திரண்ட நாளில் பூங்கா நான்கு மணிக்கே பாதி மூடிவிடுகிறது என்றுதான் கொள்ள வேண்டும். இழக்கவே கூடாது என்று பிள்ளைகள் சொல்லும் ரைடை மத்தியானத்துக்கு முன் முடித்துவிடுங்கள். கூரைக்கடியில் நடப்பவற்றைக் கடைசி ஒரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நின்ற பிறகும் அவை ஓடும், மழையும் அவற்றைத் தொடாது.

நேரத்தைத் தின்னும் சில்லறை விஷயங்களை முந்தின நாளே வீட்டில் முடிக்கலாம். குழந்தை டிக்கெட் வயதை வைத்து அல்ல, உயரத்தை வைத்து. பல ரைடுகளுக்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு. சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டால் கவுண்ட்டரில் வாக்குவாதமும் இல்லை, ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் திரும்பிவரும் அழுகையும் இல்லை. குளத்தில் நைலான் போன்ற நீச்சல் துணியைத்தான் அனுமதிப்பார்கள். சேலை, ஜீன்ஸ், பருத்திச் சுடிதார் செல்லாது. அங்கே போய் வாங்கினால் காசும் போகும், நேரமும் போகும். பத்து, பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளை இருந்தால் ஹால் டிக்கெட்டை எடுத்துவையுங்கள், அதைக் காட்டினால் தள்ளுபடி என்ற அறிவிப்பு கோடையில் வருவதுண்டு. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கட்டுச்சோறு எடுத்துப்போனால் காலையில் ஒரு வேளை வாசலுக்கு வெளியே, திரும்பும்போது ஒரு வேளை வண்டியில் என்று பிரித்துக்கொள்ளலாம். அந்த இரண்டாவது வேளைக்குப் புளியோதரைதான் தாங்கும். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் வேனுக்குள் தயிர் சாதம் புளித்துவிடும்.

ராத்திரி அங்கேயே தங்கிவிட்டால் இவ்வளவு கணக்கும் வேண்டாமே என்றால், உண்மைதான். பூங்காவையொட்டி அவர்களுடைய ரிசார்ட்டே இருக்கிறது. வேன் வாடகை இரண்டு நாளாகும், அறை வாடகை தனி. அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்கள் ஆடிவிட்டு அன்றிரவு தங்கி மறுநாள் திரும்பட்டும். ஆடிவிட்டுத் தங்குவதில் மூடும் நேரத்தின் நெருக்கடி குறையும். தங்கிவிட்டு ஆடுவதில் திறக்கும் நேரம் கைக்கு வரும், ஆனால் அன்றிரவு திரும்பும் நெருக்கடி அப்படியேதான் இருக்கும். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறந்த சென்னை வொண்டர்லா கல்லாவிக்கு இன்னும் தூரம். ஒரே நாளில் போய்வர அதை நினைக்க வேண்டாம். தண்ணீரில் ஆட வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஒகேனக்கல் இருக்கிறது. அங்கேயும் பரிசல் எப்போது நிறுத்தப்படுகிறது என்பதை, குறிப்பாகக் காவிரியில் வரத்து கூடியிருக்கும் நாட்களில், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேன் ஓட்டுநரிடமும் இதே கணக்கைச் சொல்லிவைக்க வேண்டும். அவர் காலை நான்கு மணி நேரம் ஓட்டிவிட்டு, மே வெயிலில் வண்டிக்குள் ஏழு மணி நேரம் கிடந்துவிட்டு, இருட்டில் மறுபடி நான்கு மணி நேரம் ஓட்டப்போகிறவர். மத்தியானம் நிழல் பார்த்து நிறுத்தித் தூங்கச் சொல்லுங்கள், சாப்பாட்டுக் காசைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள். ஆறரை என்றால் ஆறரைக்கு வாசலில் எல்லோரும் இருப்போம் என்று அவரிடம் சொன்னால், அதைக் காப்பாற்றுங்கள்.