பட்டியல் வரிகளுக்கு நிறம் கொடுத்தல்

கணினித் துறையில் பயிலாத நண்பர்களும் இக்கட்டுரையைக் கண்டவுடன் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கே பேசப்போவது நாம் நாள்தோறும் பார்க்கும் ஒன்றுதான். மின்னஞ்சலைத் திறந்தால் படிக்காத மடல்கள் தடித்த எழுத்திலும் படித்தவை மெல்லிய எழுத்திலும் தெரிகின்றன. எல்லா வரிகளும் ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை. ஆனாலும் ஒவ்வொன்றும் தன் நிலைக்கேற்ற தோற்றத்தைப் பெறுகிறது. இதை எப்படிச் செய்வது என்பதை நான் ஒரு தவறு செய்த பிறகே சரியாகக் கற்றுக்கொண்டேன்.

என் ஊர் கேமரன் மலையிலுள்ள கம்போங் ராஜா. அம்மா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தம் குழுவினர் 18 பேரும் எடுத்த கொழுந்தின் எடையை நாள்தோறும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு அதையே தரவாகக் கொண்டு ஓர் இணையச் செயலி செய்தேன். (பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்தபோது பெயர்களை மாற்றிவிட்டேன்.) 40 கிலோவுக்குக் குறைவாக எடுத்தவரின் வரி சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பது என் திட்டம்.

முதலில் நான் செய்தது இது: எடை குறைந்த வரிகள் எத்தனையாவது இடத்தில் உள்ளன என்று பார்த்து, அந்த இட எண்களை நினைவில் வைக்குமாறு நிரல் எழுதினேன். மூன்றாவது வரி சிவப்பு, ஏழாவது வரி சிவப்பு. நன்றாகவே வேலை செய்தது. விடுமுறையில் வீட்டுக்குச் சென்றபோது அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். பட்டியலைப் பெயர் வரிசைக்கு மாற்றும் பொத்தானையும் அழுத்தினேன். பெயர்கள் இடம் மாறின. சிவப்பு மட்டும் அசையவில்லை. மூன்றாம் இடத்துக்கு வந்திருந்தது அம்மாவின் பெயர். எடை 62 கிலோ.

“நான் அன்னைக்கு நல்லாத்தானே எடுத்தேன்? என்னை ஏன்பா செவப்புல போட்டிருக்க?”

நிறத்தை வரியின் இடத்தோடு கட்டியதுதான் பிழை. இடத்தைப் பார்த்து நிறம் தருவதற்கும் ஒரு வேளை உண்டு. படிக்க எளிதாக ஒன்றுவிட்டு ஒரு வரிக்குச் சாம்பல் நிறம் பூசுகிறோமே, அதற்கு அது போதும். 2011இல் முறையாக ஏற்கப்பட்ட சிஎஸ்எஸ் தேர்விகளின் மூன்றாம் நிலையிலேயே அதற்கு வழி இருக்கிறது; நிரலே வேண்டியதில்லை. ஆனால் நிறம் ஒரு பொருளைச் சொல்வதாக இருந்தால், அந்த வரியில் உள்ள தரவிலிருந்தே அது பிறக்க வேண்டும். பட்டியலை வரையும் சுழற்சிக்குள், ஒவ்வொரு வரியிலும் “எடை 40க்குக் குறைவா?” என்று கேட்டு, ஆம் என்றால் ‘குறைவு’ என்னும் வகுப்புப் பெயரைச் சேர்க்க வேண்டும். (சிஎஸ்எஸ் வகுப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வைத்துப் பார்த்தேன், வேலை செய்கிறது!) இரண்டு மூன்று நிலைகள் மட்டும் என்றால் வகுப்பே நல்லது. எடைக்கேற்ப நீளும் பட்டை வேண்டுமானால், நீளத்தை அந்தந்த வரியின் பாணியில் நேரடியாகக் கொடுக்கலாம். அப்போது மிக அதிக எடையைச் சுழற்சிக்கு வெளியே ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ரியாக்ட், வியூ போன்றவற்றில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளச் சாவி தருகிறோம். பலர் சோம்பலில் வரியின் இட எண்ணையே சாவியாகக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், பயனர் சொடுக்கி விரித்து வைத்த வரியின் நிலை, பட்டியல் இடம் மாறியதும் வேறொருவரிடம் ஒட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பெரட்டுக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் எங்கே நின்றாலும் பெயரைக் கூப்பிட்டுத்தான் பதிவார்கள். மூன்றாவதாக நிற்பவர் என்று எழுதமாட்டார்கள். வேலையாள் எண்தான் சரியான சாவி.

இவற்றையெல்லாம் அன்றிரவே திருத்திவிட்டேன். இப்போது சிவப்பு சரியான ஆளிடம், அம்மாவின் தோழி ஒருவரின் பெயரில் வந்து நின்றது. 31 கிலோ. அம்மா அதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

“அன்னைக்கு அவளுக்கு மேட்டுப் பக்கம். மழை வேற. நான் போயிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.”

நோட்டை எடுத்துப் பார்த்தேன். எடைகளின் ஓரத்தில் சிறிதாக ‘மே’, ‘ம’ என்று எழுதியிருந்தார். தட்டச்சு செய்தபோது பொருள் புரியாமல் நான் விட்டுவிட்ட எழுத்துகள் அவை. மேடு, மழை. நிரலில் பிழையில்லை, நான் கேட்ட கேள்வியில்தான் பிழை. எல்லோருக்கும் ஒரே 40 என்று யார் சொன்னது?

மறுபடி உட்கார்ந்து 540 வரிகளுக்கும் அந்த ஓர எழுத்துகளைச் சேர்த்தேன். இப்போது ஒவ்வொருவரின் எடையும் அதே நாளில் அதே பக்கத்தில் வேலை செய்தவர்களின் சராசரியோடு ஒப்பிடப்படுகிறது. சிவப்பை எடுத்துவிட்டேன். நிறத்தை மட்டும் வைத்துச் செய்தி சொல்லக்கூடாது என்று 2008இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டியும் கூறுகிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் உண்டு. ஆகவே குறைந்த வரியில் ஒரு பழுப்புக் கோடும், பக்கத்தில் ‘மேடு’ அல்லது ‘மழை’ என்ற சொல்லும் வரும். காரணம் எதுவும் எழுதப்படாத வரியில் மட்டும் ‘கேட்கவும்’ என்று வரும். அப்படி ஆறு வரிகள் இருந்தன. அம்மாவிடம் கேட்டேன். நான்குக்கு உடனே பதில் சொன்னார்.