மருத்துவமனைக் கணக்கில் துண்டு விழுந்தால்

வீட்டு வரவு செலவில் துண்டு விழுந்தால் என்ன செய்கிறோம்? வீண் செலவைக் குறைக்கிறோம், கடன் வாங்குகிறோம், அல்லது வீட்டைப் பழுது பார்ப்பதைத் தள்ளிப் போடுகிறோம். பொது மருத்துவச் சேவைகளும் இவற்றையே செய்கின்றன. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதைப் பார்ப்போம்.

அச்சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. சிகிச்சை பெறும்போது நோயாளி பணம் தர வேண்டியதில்லை. செலவு பெரும்பாலும் வரிப் பணத்திலிருந்து. அதுவரை வசதியின்றிப் பொறுத்திருந்தவர்கள் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் திரண்டு வந்தனர். செலவு மதிப்பீட்டை மீறியது. 1951-ல் இவ்விரண்டுக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தது. சேவையை உருவாக்கிய அன்யூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். 1952-ல் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் கட்டணம் வந்தது.

செலவு உண்மையிலேயே கைமீறிப் போயிற்றா? இதை ஆராய்ந்த கில்போ குழு 1956-ல் அறிக்கை தந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சேவையின் பங்கு 1949-50-ல் 3.75 சதவீதம், 1953-54-ல் 3.25 சதவீதம். தொகை கூடியிருந்தது, பங்கு குறைந்திருந்தது! ஆகவே தொகையை மட்டும் பார்த்து ஊதாரித்தனம் என்று சொல்லிவிடக் கூடாது. இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் அண்மைக் காலத்தது. 2014-க்குப் பின் சில ஆண்டுகள், இங்கிலாந்தில் கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அன்றாடச் செலவுக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டுக் கணக்கு சமாளிக்கப்பட்டது. பழுது பார்க்கும் வேலை நிலுவையில் நின்றது. பல மருத்துவமனைகள் சம்பளம் கொடுக்கவும் அரசிடம் கடன் வாங்கின. 2020 ஏப்ரலில் 1,340 கோடி பவுண்டு கடனை நீக்குவதாக அரசு அறிவித்தது. கடன் நீங்கலாம், ஆனால் வரவுக்கு மேல் செலவாகும் காரணம் அதனால் நீங்கிவிடாது.

நம்மில் பலர் அரசு மருத்துவமனைகளையும் அரசின் மருத்துவத் திட்டங்களையும் நம்பியிருப்பவர்கள். "பற்றாக்குறை சரிசெய்யப்பட்டது" என்று நாளிதழில் படித்தால் மூன்று கேள்விகள் கேட்போம்: வீண் செலவு குறைந்ததா? சுமை நோயாளியின் தலையில் ஏறியதா? அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டதா? முதல் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் வந்தால்தான் அது உண்மையான சிக்கனம். மற்ற இரண்டும் சுமையை இடம் மாற்றுவதே.